ஏரிக்கரையில் பெரட்டு

கேமரன் மலையில் மழைக்குப் பயப்படாதவர்களைப் பார்த்திருக்கிறேன். மேனேஜருக்குப் பயப்படாதவர்களையும் பார்த்திருக்கிறேன். விசில் கங்காணியின் விசிலுக்குப் பயப்படாத ஒரு ஜீவனை ரிங்லெட்டிலிருந்து கோலா தெர்லா வரை சல்லடை போட்டுத் தேடினாலும் காண முடியாது. எங்கள் லயத்து வரிசை வீடுகளின் நாய்கள்கூட அந்தச் சத்தம் கேட்டால் வரிசையாக உட்காரும் என்பார்கள். நான் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, கதை அளக்கிற ஆள் இல்லை. இரண்டு நாய்கள் உட்கார்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். விடியற்காலையில் கொழுந்து பறிக்கப் போகும் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதைத்தான் நாங்கள் பெரட்டு என்போம். அவருக்கு அதுதான் பூஜை, அதுதான் பசியாறல். அவர் ஓய்வு பெற்ற அன்று மேனேஜர் விசிலைத் திருப்பிக் கேட்டார்.

“அது பல்லோட ஒட்டிக்கிச்சு துரை. வேணும்னா பல்லோட சேத்துப் புடுங்கிக்குங்க” என்றார் கங்காணி.

மேனேஜர் அந்தப் பற்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். விசில் போனால் போகட்டும் என்று விட்டுவிட்டார்.

பெரட்டுக்கு ஆள் வேண்டுமே. மறுநாளே மனிதர் கீழே இருக்கும் அணை ஏரிக்கு இறங்கிவிட்டார். படகு ஏறவும் மீன் பிடிக்கவும் கோலாலம்பூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை யாராவது தண்ணீரில் எறிந்தால் தொலைந்தார்கள். விசில் பறக்கும். அப்பா, அம்மா, மாமியார் எல்லோரும் உயரப்படி வரிசையில் நிற்க வேண்டும்.

“பெரியவரே, நீங்க கவர்மெண்டு ஆளா?” என்று ஒருவர் கேட்டாராம்.

“நான் கங்காணி.”

கேட்டவர் குனிந்து குப்பை பொறுக்கினார். மாமியார் மட்டும் கால்வலி என்று முனகியிருக்கிறார். “டாக்டர் சீட்டு வெச்சிருக்கியா?” என்று கேட்டதும் அவரும் குனிந்துவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த எங்களுக்கு ஒரு நாள் சிரிப்பு நின்றது. சரிவுகளில் காடழித்துக் காய்கறி போட்டதால் மழைக்கெல்லாம் மண் இறங்கி, ஏரியின் ஒரு பக்கம் மேடு தட்டியிருந்தது. அந்தப் பக்கத்தை அடியோடு தூர்த்துக் கார் நிறுத்தவும் கடை கட்டவும் ஒரு காண்ட்ராக்டர் திட்டம் கொடுத்திருந்தார். தமிழ்ப்பள்ளி வசந்தி டீச்சர் ஏரியைக் காப்பாற்றக் குழு அமைத்தார். வாட்ஸ்அப்பில் ஊரே கட்டைவிரலைத் தூக்கியது. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டபோது டீச்சர், நான், கங்காணி, மைக் செட்காரர் ஆகிய நால்வர்தான் வந்திருந்தோம். மைக் செட்காரர் பிழைப்புக்காக வந்தவர்.

“சனிக்கிழம காலையில கவர்மெண்டு ஆபீசர் எடத்தப் பாக்க வர்றாரு. கரையில ஆளில்லன்னா இந்த ஏரி யாருக்கும் வேணாம்னு எழுதிட்டுப் போயிடுவாரு” என்றார் டீச்சர்.

“கூட்டம்னா எவனும் வரமாட்டான்லா டீச்சர்” என்று சொல்லிவிட்டுக் கங்காணி எழுந்து போய்விட்டார்.

சனிக்கிழமை தூறல். பேனரின் ஒரு முனை டீச்சர் கையில், மறுமுனை என் கையில். மலாய்க்கார ஆபீசர் குடைக்குள் நின்று வெறும் கரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காரை நோக்கித் திரும்பவும் செய்தார். அப்போதுதான் மேட்டு லயத்துப் பக்கமிருந்து பெரட்டு விசில் கேட்டது.

லயத்துக் கதவுகள் படபடவென்று திறந்தன. ஓய்வு பெற்று வருஷக்கணக்கானவர்கள் ரப்பர் பூட்சை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். முனியம்மா அக்கா முதுகில் கூடையும் வாயில் பற்பசை நுரையுமாக வந்து நின்றார். எஸ்டேட்டில் ஒரு நாளும் வேலை செய்யாத சாப்பாட்டுக்கடை பாய்கூடத் தேத்தண்ணீர் ஆற்றும் குவளையோடு வரிசையில் நின்றார்.

“நான் எங்க வந்தேன், காலு இழுத்துட்டு வந்துடுச்சு” என்றார் பாய்.

கங்காணி பெயர் கூப்பிட்டார். “முனியம்மா.”

“இருக்கேன் கங்காணி. இன்னிக்கு எந்தப் பக்கம் கொழுந்து?”

“கொழுந்து கெடக்கட்டும். ஒனக்கு ஏரி எதுக்கு, அதச் சொல்லு.”

அக்கா நுரையைத் துடைத்துக்கொண்டார். “எங்க வீட்டுக்காரரு போனப்புறம் வீட்டுல இருக்க முடியல கங்காணி. சாயங்காலம் இங்க வந்து ஒக்காந்தாத்தான் ராத்திரி சோறு எறங்குது.”

“பாய்.”

“கட மூடுற அன்னிக்குப் பிள்ளைங்கள இதுலதான் படகு ஏத்துறேன். இதத் தூத்துட்டா எங்கலா கூட்டிட்டுப் போறது?”

டீச்சர் ஒவ்வொன்றையும் ஆபீசருக்கு மலாயில் சொல்லிக்கொண்டே வந்தார். கங்காணி வரிசை நெடுக நகர்ந்துகொண்டே இருந்தார்; ஆபீசர் எப்போது குடையை மடக்கினார், எப்போது வரிசையின் கடைசியில் வந்து நின்றார் என்று யாருக்கும் தெரியாது. கங்காணி அவர் முன்னாலும் நின்று “நாமா?” என்று மலாயில் பெயர் கேட்டார். அவர் விறைப்பாக நின்று பெயரைச் சொல்லிவிட்டார். பெயர் கொடுத்தால் வேலை உண்டு. அன்று பாதி மூட்டைக் குப்பை ஆபீசர் பொறுக்கியது.

திட்டத்தைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. அதனால் சனிக்கிழமைப் பெரட்டையும் நாங்கள் கைவிடவில்லை. கங்காணிக்குத்தான் நெஞ்சில் சளி கட்டி, விசில் ஊத மூச்சு இல்லை. மேட்டு லயத்துப் படுக்கையிலிருந்து போனில் பெயர் கூப்பிடுகிறார். டீச்சர் போனை உயர்த்திப் பிடிப்பார். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவே கங்காணிக்கு மூச்சு இரைப்பது கேட்கும். யாரும் அசைய மாட்டோம். ஆபீசர் பெயரையும் விடாமல் கூப்பிடுவார். “லீவு கங்காணி” என்று பாய் பதில் சொல்வார்.

என் பெயர் கடைசி. அதுவரைக்கும் அவருக்கு மூச்சு தாங்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டுதான் ஒவ்வொரு வாரமும் வரிசையில் நிற்கிறேன்.