செக்ரட்டரி ஏசாத நாள்

அன்பாக நாலு வார்த்தை பேசியே ஆட்களை அழவைத்த ஒரே தமிழ்ப் பெண், நான் அறிந்தவரை இந்த லண்டன் மாநகரத்தில் எங்கள் செக்ரட்டரிதான். அவள் ஏசினால் சிரித்துக்கொண்டு போவார்கள். "சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டால் பக்கத்துச் சுவரைப் பிடிப்பார்கள். நானே பிடித்திருக்கிறேன். நானோ ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஹோட்டலில் கோப்பை கழுவி, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்து, டூட்டிங்கில் சொந்தமாக ஒரு பலசரக்குக் கடையும் பின்தெருவில் ஒரு வீடும் வாங்கியவன். வங்கி மனேஜருக்கு முன்னால் கால்மேல் கால் போட்டு இருந்த ஆள்.

அந்த வீட்டைத்தான் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கல்லூரியின் தமிழ் மாணவியர் சங்கத்துக்கு வாடகைக்கு விட்டேன். சங்கம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் ஒன்றாகச் சமைத்து, ஒன்றாகப் படித்து, வருடத்துக்கு ஒரு பொங்கலும் ஒரு கலைவிழாவும் நடத்துவார்கள். தலைவி என்று ஒருத்தி இருந்தாள். அவள் தும்முவதென்றாலும் செக்ரட்டரியைக் கேட்டுத்தான் தும்முவாள். செக்ரட்டரிக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டவரை நான் காணவில்லை. நாலரை அடி உயரம். தடித்த மூக்குக்கண்ணாடி. யாரோ ஆறடி வெள்ளைக்காரன் போட்டுக் கழித்த ஓவர்கோட். படிப்பு எஞ்சினியரிங். வீட்டுக்குள்ளும் அந்தக் கோட்டைக் கழற்ற மாட்டாள். என்னைக் கண்டால், "அண்ணை, இது வீடோ, உங்கட கடை பிரீசரோ?" என்பாள். ஹீட்டர் விஷயத்தில் நான் கொஞ்சம் இறுக்கமான ஆள்தான்.

ஒக்டோபரில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அவள் போடும் முதல் சட்டம், டெலிபோனைத் தொடக் கூடாது. மாடிப்படிக்குக் கீழே இருந்த அந்தப் போனை அவள் ஒருத்திதான் எடுப்பாள். அப்போது ஊரில் சண்டை. போன் இல்லை, கரண்ட் இல்லை, வெளியே வரப் பாதையும் இல்லை. சனங்கள் இருட்டோடு இருட்டாகக் கிளாலிக் கடலைப் படகில் கடந்து, வவுனியா வந்து, கொழும்பு சேர்ந்த பிறகுதான் லண்டனுக்கு ஒரு சத்தம் வரும். வருகிற செய்தியில் முக்கால்வாசி கெட்ட செய்தி. மணி அடித்தால் வீடு முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்.

அந்த நம்பரைத்தான் நானும் என் மனைவிக்கு, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருந்தேன். அவளும் எங்கள் மகளும் அங்கே அகப்பட்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட இங்கே செய்ய வேண்டிய அலுவலெல்லாம் முடித்துவிட்டேன். அவர்கள் கடலைக் கடந்து கொழும்புக்கு வந்தால் போதும். கடையில் இரண்டு போன் வைத்திருந்தவன் ஏன் பெண்பிள்ளைகள் வீட்டு நம்பரைக் கொடுத்தான் என்று கேட்பீர்கள். கெட்ட செய்தி என்றால் அதை முதலில் என் காதால் கேட்கத் துணிவில்லை. அவ்வளவுதான்.

நவம்பரில் ஒரு பின்னேரம், மன்னார்ப் பிள்ளை ரெஜினா கல்லூரியால் வந்தபோது செக்ரட்டரி கதவைத் திறந்து, "வா ராசாத்தி, கைகாலைக் கழுவிப்போட்டு வா" என்றாளாம். அதுவரை அந்தப் பிள்ளையை "எருமை" என்பதைத் தவிர வேறு பெயரால் அழைத்தறியாதவள். மேசையில் இடியப்பம், சொதி, அவித்த முட்டை. பக்கத்தில் இருந்து கடைசி வாய் இறங்கும்வரை பார்த்தாள். தட்டைத் தானே கழுவி வைத்தாள். அதன் பிறகுதான் ரெஜினாவின் மாமா ஷெல்லடியில் போய்விட்ட செய்தியைச் சொன்னாள். வெறும் வயிற்றில் சொன்னால் பிறகு பிள்ளை தண்ணீர்கூடக் குடிக்காது என்பது அவள் கட்சி. நம் ஆட்கள் துக்கச் செய்தியை எப்போதும் சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். இவள் சோற்றைக் கொண்டு சுற்றி வளைத்தாள்.

அன்றோடு அந்த வீட்டில் உலகம் தலைகீழாகிவிட்டது. ஏச்சு விழுந்தால் உயிருக்குச் சேதமில்லை. முட்டை விழுந்தால் யாரோ போய்விட்டார்கள். பிள்ளைகள் காலையில் எழும்பியதும் வேண்டுமென்றே அடுப்பை அழுக்காக்கி வைப்பார்களாம். செக்ரட்டரி வந்து கத்தினால்தான் அவர்களுக்கு நிம்மதி. அதன் பிறகே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள்.

தைப்பொங்கலுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். அரிசியும் சர்க்கரையும் என் கடைச் சாமான், அழைக்காமல் முடியுமா? செக்ரட்டரிக்கு அன்று என்னவோ நல்ல மனநிலை. பொங்கி இறக்கிவிட்டு, "எல்லாரும் வாங்கோ ராசாத்தியள், வந்து சாப்பிடுங்கோ" என்றாள். ஒருவரும் அசையவில்லை. தலைவியின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. ரெஜினா செபமாலையை எடுத்துவிட்டாள். ஒரு சின்னப் பிள்ளை, "அக்கா, ஆருக்கெண்டு மட்டும் சொல்லுங்கோ" என்று விம்ம, அதைக் கேட்டு மற்றவர்களும் தொடங்கிவிட்டார்கள். நான் ஆம்பிளை, அழவில்லை. ஆனால் கையிலிருந்த வாழைப்பழம் எப்படிக் கூழானது என்று எனக்குத் தெரியாது. செக்ரட்டரி எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள். அகப்பையைச் சுவரில் எறிந்தாள்.

"விசரியள், இண்டைக்குப் பொங்கலடி."

அந்த அகப்பைச் சத்தம் கேட்ட பிறகுதான் எல்லோருக்கும் பசி வந்தது. பானையின் அடி தெரியச் சாப்பிட்டோம்.

மாசியில் ஊரிலிருந்து வந்து சேர்ந்த ஒருவர், என் மனைவியும் மகளும் வீட்டைவிட்டு வெளிக்கிட்டுவிட்டார்கள் என்றார். பிறகு சத்தமே இல்லை. கிளாலியில் படகுகளுக்குச் சூடு விழுந்ததாகக் கடையில் வருகிறவன் போகிறவன் எல்லாம் கதைத்தான். நான் பருப்புக் கேட்டவருக்கு மிளகாய்த்தூளைக் கட்டிக் கொடுத்தேன். சொந்த வீட்டுத் தெருவால் போவதை விட்டேன். செக்ரட்டரியைத் தூரத்தில் கண்டால் முகத்தைப் பார்க்க மாட்டேன். கையில் சாப்பாட்டுப் பாத்திரம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

அவளுக்கு அது விளங்கிவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கல்லூரிக்குப் போகிற வழியில் கடைக்குள் நுழைந்து, ஒன்றும் வாங்காமல், என்னை ஏசிவிட்டுப் போவாள். வெண்டிக்காய் முத்தல். வாசல் கூட்டியபாடில்லை. இந்தக் கடையை நம்பி வருகிற சனத்துக்குத்தான் புத்தி இல்லை. ஆட்களுக்கு முன்னால் ஏசுவாள். "என்ன முதலாளி, ஒரு சின்னப் பெட்டை இந்தப் பேச்சுப் பேசுறாள், நீங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறியள்?" என்று கேட்டார்கள். அவள் ஏசிவிட்டுப் போனால்தான் நான் அடுத்த நாள்வரை மூச்சு விடலாம்.

கலைவிழா நடந்த அன்றும் ஒரு பிள்ளையைப் போனுக்குக் காவல் வைத்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தாள். அப்போதும் அந்தப் பிள்ளைக்குப் போனைத் தொட அனுமதி இல்லை. மணி அடித்தால் ஓடிவந்து சொல்ல மட்டும்.

ஜூனில் கல்லூரிச் சோதனை முடிந்த பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் செக்ரட்டரி கடைக்கு வந்தாள். ஏசவில்லை. முதல் தரமாக அந்தக் கோட்டும் இல்லாமல் வந்து நின்றாள்.

"அண்ணை, கொஞ்சம் இருங்கோ."

அரிசி மூட்டையில் இருந்தேன். இருந்தேன் என்ன, விழுந்தேன்.

"சாப்பிட்டனீங்களோ?"

கடைக்குள் நின்ற கிழவர் ஒருவர் இவளுடைய புகழைக் கேள்விப்பட்டவர். மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்.

"எனக்குச் சாப்பாடு வேண்டாம்," என்றேன். "அப்பிடியே சொல்லு."

"அக்கா போனில கதைச்சவ. ரெண்டு பேரும் கொழும்பில நிக்கினம்."

"பிள்ளை?"

"ஐஸ்கிறீம் கேட்டுப் பக்கத்தில நிண்டு கத்தினது. எனக்குக் காது அடைச்சுப் போச்சு."

கிழவர் தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பாவம், நல்ல செய்தியை எப்படிச் சொல்வதென்று அவளுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. தெரிந்த ஒரே வழியில் தொடங்கியிருக்கிறாள். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"இன்னொண்டு. அக்காவை நான் ஏசிப்போட்டன். கோவிக்காதேங்கோ."

என் மனைவி, மகளை தங்கியிருந்த லொட்ஜில் இருந்தவர்களிடம் விட்டுவிட்டு, தாயைக் கூட்டிவரத் திரும்பவும் கடலைக் கடந்து போகப் போவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்கவே மாட்டாள். என்னைக் கட்டிய நாளிலிருந்து நான் சொல்லி எதைக் கேட்டாள்?

"அறையை விட்டு ஒரு அடி வெளிய வைச்சாலும் நான் பிளேன் ஏறி வந்து காலை முறிப்பன் எண்டு சொன்னனான். கொஞ்சம் கூடிப் போச்சோ தெரியேல்ல."

கடைசிவரை மனைவி அறையை விட்டு அசையவில்லை. மாமியாரைப் பிறகு அயல்வீட்டுக் குடும்பம் ஒன்று கவனமாகக் கூட்டி வந்தது.

குளிர் தொடங்கிய பிறகு ஒரு நாள், ஹீத்ரோவில் தள்ளுவண்டியோடு வெளியே வந்த மனைவி என்னைப் பார்த்துச் சுகம் கேட்கவில்லை. "அந்த ஏசின மனுசி எங்கை?" என்றாள். அறுபது வயதில், மலைபோல ஒரு கிழவியை எதிர்பார்த்து வந்திருக்கிறாள். நான் பக்கத்தில் நின்ற ஓவர்கோட்டைக் காட்டினேன். மனைவி பிள்ளையின் கையை விட்டுவிட்டு அவளைக் கட்டிப்பிடித்து அழத் தொடங்கினாள். செக்ரட்டரிக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மனைவியின் தோளுக்கு மேலால் என்னைப் பார்த்து, "அண்ணை, என்னத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறியள், காருக்குத் தண்டம் எழுதப் போறான்" என்றாள். அவளுடைய மூக்குக்கண்ணாடியெல்லாம் புகையடித்துக் கிடந்தது.

அடுத்த வருடம் படிப்பை முடித்துக் கனடாவுக்குப் போய்விட்டாள். எனக்கு இப்போது ஈஸ்ட் ஹாமிலும் ஒரு கடை. கோயிலில் முன்வரிசை. என்னைக் கண்டால் எல்லோரும் எழுந்து நின்று, ஐயா, அண்ணை என்று மிகவும் பணிவாகத்தான் பேசுகிறார்கள். சில நாட்களில் அந்தப் பணிவைக் கேட்க எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது உள்ளே வந்து என்னை நன்றாக ஏசிவிட்டுப் போக மாட்டார்களா என்று, கடை வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.