புதிர்ப்புலியும் வலது கதவும்

இரண்டு கதவுகள். புதுக் கட்டடம் என்பதால் எதிலும் இன்னும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. ஒன்றுக்குள் உதவி மேலாளர் பதவிக்கான இன்டர்வியூ. நடுவே நாற்காலி போட்டு இரண்டு காவலாளிகள்.

வேறு யாராயிருந்தாலும் வழி கேட்டு உள்ளே போயிருப்பார்கள். வந்தவர் புதிர்ப்புலி. கணக்குப் பிரிவில் வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் வரும் புதிரை மனைவி காபி கொண்டுவருவதற்குள் போட்டுவிட்டு, அன்று முழுக்க அவளுக்கு விடையை விளக்குகிறவர்.

தவிர, கீழே படிக்கட்டில் கொள்முதல் பிரிவு நண்பர் அவர் காதைக் கடித்திருந்தார்.

"அண்ணே, மேல ரெண்டு செக்யூரிட்டி இருக்காங்க. ஒருத்தர் உண்மையைத் தவிர எதுவும் பேச மாட்டாரு. இன்னொருத்தர் வாயைத் திறந்தா பொய். யாரு எதுன்னு எனக்கே தெரியல."

சொல்லிவிட்டு அவர் முன்னால் ஏறிப் போய்விட்டார். அவரும் அதே பதவிக்குத்தான் வந்திருந்தார். போட்டியாளருக்கே உதவுகிற அந்த அப்பாவித்தனத்தை நினைத்துப் புலிக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது.

மீசைக்காரக் காவலாளியிடம் போனார்.

"இன்டர்வியூவுக்கு எந்தக் கதவுன்னு உங்க பக்கத்துல இருக்கிறவரைக் கேட்டா, எதைக் காட்டுவாரு?"

"இடது கதவைத்தான். அவரை எதுக்கு சார் கேட்டுக்கிட்டு? நானே சொல்றேன். இடது."

புலி புன்னகைத்தார். உண்மை பேசுகிறவரைக் கேட்டாலும் பொய்யரைக் கேட்டாலும், நடுவே ஒரு பொய் எப்படியும் நுழைந்துவிடுவதால், இந்தக் கேள்விக்குத் தப்பான கதவுதான் பதிலாக வரும். மற்றதில் போக வேண்டியதுதான். காலரைச் சரிசெய்துகொண்டு, "குட் மார்னிங்" என்றபடி வலது கதவுக்குள் கம்பீரமாக நுழைந்தார்.

அது பெண்கள் கழிப்பறை.

கண்ணாடி முன் நின்றிருந்த வரவேற்பாளர் அம்மாள் போட்ட சத்தத்தில், போன வேகத்திலேயே வெளியே வந்தார்.

"இடதுன்னு சொன்னேனே சார்," என்றார் மீசை.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க." புலி அடுத்தவரிடம் திரும்பினார். "இவரைக் கேட்டா எதைக் காட்டுவாரு?"

"இடது. உங்க கண்ணு முன்னாடிதானே காட்டினாரு."

ஆக, மறுபடியும் வலது. தர்க்கம் பிசகாது, பிசகியது கட்டடமாகத்தான் இருக்க வேண்டும். தேர்வு அறை கழிப்பறைக்கு அப்பால் இருக்கிறது. உதவி மேலாளராகப் போகிறவரின் மனஉறுதியைச் சோதிக்கிறார்கள் போலும்.

நாகரிகம் கருதிக் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தார். அதனால், துப்புரவு வேலை பார்க்கும் அக்கா வாளியைத் தூக்கியதை அவர் பார்க்கவில்லை.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தபோது இடது கதவு திறந்தது. மேலாளர் கொள்முதல் நண்பரின் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னொருத்தர் வரவே இல்லை. அப்புறம் என்ன, நாளைக்கே பொறுப்பு எடுத்துக்குங்க."

நண்பர் புலியைக் கண்டதும், "என்னண்ணே, வெளிய மழையா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் படியிறங்கினார்.

புலி காவலாளிகளின் முன்னால் போய் நின்றார். "உங்க ரெண்டு பேருல பொய் சொல்றது யாரு? இப்பவாவது சொல்லித் தொலைங்க."

"நாங்க எதுக்கு சார் பொய் சொல்லணும்," என்றார் மீசைக்காரர். "'பின்னாடி ஒருத்தர் வருவாரு, நீங்க இடதுன்னு சொன்னா வலதுலதான் போவாரு'ன்னு அந்த சார் அப்பவே சொல்லிட்டுப் போனாரு. நாங்கதான் பொய்யின்னு நினைச்சுட்டோம்."