மஞ்சள் துணியில் முடிந்த டச்சுக் காசு

மயிலாப்பூர்,
14-11-1972

சிரஞ்சீவி மாப்பிள்ளை சங்கரநாராயணனுக்கு மாமனார் சுப்பராமன் அநேக ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவதுதான் வழக்கம். இன்று எழுதினால் பொய்.

மாப்பிள்ளைக்குக் கோபமாக எழுதக் கூடாது என்று, நான் பேனாவை எடுக்கும்போதே தங்கள் மாமியார் அபயாம்பாள் சொல்லிவிட்டாள். ஆகவே மரியாதையாகவே கேட்கிறேன். பம்பாயில் வெள்ளைத் துணியே கிடைக்காதா?

தங்கள் சிநேகிதர்களிடம் காட்டிவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டு போன என் டச்சுக் காசைத் தபாலில் எப்படித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விவரமாக எழுதியிருந்தேன். காசு குலுங்கக் கூடாது, பஞ்சு அடைத்துத் தகர டப்பாவில் போட்டு, மேலே துணி தைத்து அரக்கு முத்திரை வைக்க வேண்டும், இன்ஷ்யூர் செய்ய வேண்டும், உள்ளே காசு என்று வெளியே எழுதித் தொலைக்கக் கூடாது. எல்லாம் செய்தீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மெத்தென்ற துணியில் முடிந்து வையுங்கள் என்று எழுதியதற்கு மஞ்சள் துணியையா எடுப்பது? மஞ்சள் துணியில் காசு முடிந்தால் அது சுவாமிக்கு வேண்டிக்கொண்டது என்று நம் வீடுகளில் யாருக்குத் தெரியாது? டப்பாவுக்குள் ஒரு வரி எழுதிப் போட்டிருக்கக் கூடாதா?

பார்சல் வந்தபோது நான் மூக்குப்பொடி வாங்க லஸ் கடைவீதிக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் டப்பா திறந்து கிடக்கிறது, உள்ளே வெறும் பஞ்சு. நேரே தபாலாபீசுக்கு ஓடி, தபால்காரர் மெஹபூப் பாஷாவைப் பிடித்து, இத்தனை வருஷப் பழக்கத்தையும் மறந்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். அவர் குரலை உயர்த்தவேயில்லை. "சீல் ஒடையாமத்தான் குட்த்தேன் சாமி. மாமி கையெழுத்து கீது. அவங்கள கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. அந்த அவமானமும் தங்களால் வந்ததுதான்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். "மஞ்சத்துணில முடிஞ்சிருந்ததே, அதுவா? அப்பவே போய்ப் பிள்ளையார் உண்டியல்ல போட்டுட்டேனே. கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, கொழந்தைக்காக விசாலாக்ஷி வேண்டிண்டு அனுப்பிச்சிருக்கான்னு நெனச்சேன்" என்றாள் அபயாம்பாள், கண்ணில் ஜலத்தோடு. அவளிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது? அதனால்தான் தங்களிடம் கோபித்துக்கொள்கிறேன்.

கோயில் தர்மகர்த்தா மாணிக்கவாசகத்துக்குப் பாண்டி பஜாரில் ஜவுளிக்கடை. அங்கே போய், புடவை வாங்க வந்த கூட்டத்துக்கு நடுவில் நின்று கெஞ்சினேன். நாகப்பட்டினத்தில் டச்சுக்காரன் அடித்த செப்புக் காசு, வருஷக்கணக்காக அலைந்து பிடித்தது, அடுத்த மாதம் தியாகராய நகரில் எங்கள் பழங்காசுச் சங்கத்தின் கண்காட்சி, நடு மேஜையே அதற்குத்தான் என்றெல்லாம் சொன்னேன். உண்டியலில் விழுந்தது பிள்ளையார் சொத்து, அது வேண்டுதல் இல்லை என்று அனுப்பியவரே கையெழுத்துப் போட்டுத் தந்தால் எடுத்துத் தரலாம் என்று சொல்லிவிட்டு, யாருக்கோ ரவிக்கைத் துணி கிழிக்கப் போய்விட்டார். அதுவரை என் காசு ஊர்ச் சில்லறையோடு உரசிக்கொண்டு கிடக்கும். பஞ்சு வைத்து அனுப்பி என்ன பிரயோஜனம்?

ஆகவே இது கண்டதும், அது வேண்டுதல் காசு அல்ல, குலுங்காமல் இருக்கத்தான் துணியில் முடிந்தது என்று எழுதிக் கையெழுத்திட்டு ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பவும். தாமதித்தால் மாப்பிள்ளை என்றும் பார்க்க மாட்டேன்.

சௌபாக்கியவதி விசாலாக்ஷிக்கு ஆசீர்வாதம். தங்கள் தாயார் தகப்பனாருக்கு எங்கள் நமஸ்காரம். கோபமெல்லாம் தங்கள் மேல் மட்டும்தான்.

இப்படிக்கு,
சுப்பராமன்

பி.கு.: கவரை ஒட்டப் போகும்போது மெஹபூப் பாஷா விசாலாக்ஷியின் கடிதத்தைக் கொண்டுவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நீட்டினார். எங்கள் பெண் முழுகாமல் இருக்கிறாளாம். லேடி டாக்டர் நிச்சயமாகச் சொல்லிவிட்டாளாம். அபயாம்பாள் அடுப்பைக்கூட அணைக்காமல் பிள்ளையாரிடம் ஓடியிருக்கிறாள். மேலே கேட்ட கடிதத்தைத் தாங்கள் எழுத வேண்டாம். வேண்டுதல் இல்லை என்று ஒரு வரி எழுதினீர்களோ, நான் பொல்லாதவன். அது வேண்டுதல் காசுதான். துணியில் முடியச் சொன்னதே நான்தான் என்று மாணிக்கவாசகத்திடம் சொல்லிவிட்டு வருகிறேன்.