பயத்தில் எறிந்த இட்லி

தாராவியிலேயே நாய்க்கு அதிகமாகப் பயந்த மனிதர் எங்கள் சந்தில்தான் இருந்தார். தாராவியிலேயே ஒரு நாய் தன் உயிரையே வைத்து, சுற்றிச் சுற்றி வந்த மனிதரும் எங்கள் சந்தில்தான் இருந்தார். இரண்டும் ஒரே ஆள். இந்த அநியாயத்தைப் பற்றி அவருக்கே ஏகப்பட்ட வருத்தம் உண்டு.

அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. சைக்கிள் கேரியரில் துணி போட்டு மூடிய பெரிய அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லி, ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் சட்னித் தூக்கு, நடுவில் ஒரு ரப்பர் ஹாரன். அதைப் பாம் பாம் என்று அமுக்கிக்கொண்டே போவார். ஆகவே பாம்பாம் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அதே சந்தில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் என் உடம்பில் ஓடியதில் பாதி அவருடைய காரச் சட்னி.

விவகாரம் ஆரம்பித்தது ஒரு காலை வேளையில். சந்து முனையில் ஒரு செம்பழுப்பு நாய், ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடங்கி, வழியை மறித்துக்கொண்டு நின்று குரைத்தது. அண்ணாச்சிக்குக் கால் நகரவில்லை. கை மட்டும் தானாகப் பாத்திரத்துக்குள் போய் ஒரு இட்லியை எடுத்துத் தூர எறிந்தது. "இந்தா, இதத் தின்னுட்டு என்னைய விட்டுரும்" என்பதுதான் அந்த இட்லிக்கு அர்த்தம். நாய் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அது வாலை ஆட்டிக்கொண்டு காத்திருந்தது. அண்ணாச்சி இரண்டு இட்லி எறிந்தார். அதற்கு மறுநாள் வேறு சந்து வழியாகப் போனார். ஆனால் இட்லி விற்பவன் ஹாரன் அடிக்காமல் இருக்க முடியுமா? பாம் என்றதும் நாய் ஆஜர். ஒரு நாள் வெறுத்துப்போய் ஹாரனே அடிக்காமல் சுற்றி வந்தார். வாடிக்கைக்காரர்கள் ஒருவர்கூட வரவில்லை. நாய் வந்துவிட்டது. அன்றைக்கு மிஞ்சிய இட்லியில் எங்கள் சந்தில் எல்லார் வீட்டிலும் மத்தியானம் இட்லி உப்புமா.

இனிப் போராடிப் பயனில்லை என்று தெரிந்ததும் அண்ணாச்சி சமாதானத்துக்கு வந்தார். நாய் முன்னால் போகும், இவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போவார். நடுவில் எப்போதும் ஒரு சைக்கிள் நீளம் இடைவெளி. அது நின்றால் இவரும் நிற்பார். அது பாசமாக நெருங்கி வந்தால் இவர் சைக்கிளுக்கு அந்தப் பக்கம் போய்விடுவார். வருடக்கணக்கில் இப்படியே நடந்தது. ஒரு தடவைகூட அவர் கை அதன்மேல் பட்டதில்லை.

பயத்தில் மரியாதை தானாக வந்துவிடும் அல்லவா, நாய்க்கு ஏட்டையா என்று பெயர் வைத்தார். "பீட்டு போறாரு, மாமூல் வாங்குதாரு, நன்றின்னு ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. வேற என்ன பேரு வைக்க?" என்று கேட்டார். பேச்சில் ஒருமையே வராது. "ஏட்டையாவுக்கு இன்னைக்கு வயிறு சரியில்ல, பாவம், புல்லத் தின்னுட்டுப் படுத்துக் கெடக்காரு" என்று அவர் சொல்வதைக் கேட்டு, புதிதாக வந்த ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கக் கிளம்பியதை நான் நேரில் பார்த்தேன்.

ஏட்டையாவின் சரகம் ரயில் பாலத்தோடு முடிந்தது. அதற்கு அப்பால் மாட்டுங்கா நாய்களின் ராஜ்ஜியம். பாலத்தடியில் அது உட்கார்ந்துவிடும். அண்ணாச்சி மட்டும் பாலம் தாண்டி, கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து வீடுகளில் விற்றுவிட்டுத் திரும்பி வருவார். வந்ததும் ஏட்டையா எழுந்து சோம்பல் முறித்து மறுபடி முன்னால் நடக்கும். மாட்டுங்கா நாய்களால் அவருக்குத் தொந்தரவு இல்லை. பாதிக்கு மேல் கயிற்றில் வரும், மிச்சம் பிஸ்கட் தின்று வளர்ந்தவை, இட்லியை ஏறெடுத்தும் பார்க்காது.

சந்தில் தோல் பை தைக்கிற காதர் பாயின் பட்டறைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சபை. அவரும் திருநெல்வேலிப் பக்கம்தான். ஒரு ஞாயிறு, நாயும் மனிதனும் எப்படிச் சேர்ந்தார்கள் என்று போனில் படித்ததை நான் அங்கே எடுத்துவிட்டேன். ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன்னால் ஓநாய்கள் மனிதர்களின் கூடாரத்தைச் சுற்றி மிச்சம் மீதி தின்ன வந்தன, முரட்டு ஓநாய்கள் விரட்டப்பட்டன, சாதுவானவை தங்கின, தலைமுறை தலைமுறையாகக் காது மடங்கி, வால் சுருண்டு நாயாகிவிட்டன என்றேன்.

அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். "எவன்டே இத எழுதுனது? நாய்க்குப் பயப்படாதவனாத்தான் இருப்பான். நான் சொல்லுதேன் கேளு. அந்தக் காலத்து மனுசன் குகை வாசல்ல உக்காந்து எலும்பக் கடிச்சிட்டு இருக்கான். ஓநாய் வந்து நிக்கு. இவனுக்குக் கை கால் ஓடல. கையில இருந்ததத் தூக்கி எறிஞ்சான். போய்த் தொலையட்டும்னுதான் எறிஞ்சான் பாத்துக்கோ. அது என்ன நெனச்சிச்சி? ஆகா, தங்கமான மனுசன், விருந்து வைக்கான்னு நெனச்சிட்டு. அன்னையிலருந்து வால ஆட்டிக்கிட்டுப் பின்னாலயே வருது. நம்மாளும் வெக்கப்பட்டுக்கிட்டு உண்மையச் சொல்லாம விட்டுட்டான்."

"அப்ப இத்தன ஆயிரம் வருசமா நாய்ங்க எல்லாம் ஏமாந்துக்கிட்டு இருக்குன்னா சொல்லுதிய?" என்றார் காதர் பாய்.

"ஏமாந்துட்டுத்தான் இருக்கு. என்னைக்காவது அதுகளுக்கு விசயம் தெரிஞ்சிச்சின்னு வையிங்க, மனுசன் பாடு அதோகதி. அதனாலதான் நான் இட்லிய நிறுத்தல."

காதர் பாய் சும்மா இருப்பவர் இல்லை. மிச்சத் தோலில் பித்தளை பக்கிள் வைத்து அழகாக ஒரு கழுத்துப் பட்டை தைத்து, "ஏட்டையாவுக்கு யூனிபார்ம் பெல்ட்டு" என்று கொடுத்தார். அண்ணாச்சி சந்தோஷமாக வாங்கினார். அப்புறம்தான் முகம் வெளிறியது. "பெல்ட்டு சரி பாய். யாரு மாட்டுவா?"

துணி காயப்போடும் கம்பின் நுனியில் பெல்ட்டைத் தொங்கவிட்டு, தூர நின்றபடி மாட்டப் பார்த்தார். ஏட்டையா அதை விளையாட்டு என்று நினைத்துக் கம்பையே பிடுங்கிக்கொண்டு ஓடியது. சந்தே பின்னால் ஓடிக் கம்பை மீட்டது. பெல்ட் அன்றிலிருந்து சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கியது. சைக்கிள் யாரையும் கடிக்காது என்று காதர் பாய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த மழைநாள் வந்தது. பம்பாயில் எங்கே மழை பெய்தாலும் முதலில் கிங்ஸ் சர்க்கிளில் தண்ணீர் நிற்கும், அன்றைக்கோ வானமே பிய்த்துக்கொண்டு கொட்டியது. நான் ஏறிய பஸ் பாதியில் நின்றுவிட்டது. இறங்கித் தண்ணீரில் நடந்து, மூடிக் கிடந்த ஒரு கடையின் உயரமான படிகளில் ஏறினால், மேல் படியில் சைக்கிளோடு பாம்பாம் அண்ணாச்சி. மாட்டிக்கொண்ட கூட்டத்துக்கு ஜோராக வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. "வெள்ளம் வந்தாலும் மனுசனுக்குப் பசிக்கும்லா" என்று எனக்கும் ஒரு தட்டு நீட்டினார்.

வழக்கமாக அந்நேரம் வீடு திரும்பிக் குளித்துத் தூங்கியிருப்பார். ரோட்டில் தண்ணீர் இடுப்பளவு ஆகியிருந்தது. அப்போது யாரோ, "அரே, குத்தா! குத்தா!" என்று கத்தினார்கள். தண்ணீரில் ஒரு பழுப்பு நாயின் தலை நீந்தி வந்தது. தட்டுத் தடுமாறி நடு ரோட்டுத் தடுப்புச் சுவரின்மேல் ஏறி நின்று உதறிக்கொண்டது.

"நம்ம ஏட்டையா மாதிரி இருக்கே" என்றேன்.

"இருக்காது. அவரு பாலத்தத் தாண்ட மாட்டாரு." சொல்லும்போதே அதன் ஒரு காது நிமிர்ந்தது. இன்னொரு காது மடங்கியே கிடந்தது. அண்ணாச்சியின் கை தானாக ஹாரனை அமுக்கியது. நாய் சடக்கென்று திரும்பி எங்களைப் பார்த்தது.

தாவப் பார்த்தது. நடுவில் தண்ணீரின் இழுப்பு பலமாக இருந்தது, கால் வைத்ததும் அடித்துக்கொண்டு போகப் பார்த்தது. மறுபடி எப்படியோ சுவரில் ஏறிக்கொண்டது. மழை விடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தச் சுவரும் முழுகிவிடும் என்று படியில் நின்ற எல்லாருக்கும் தெரிந்தது.

"தம்பி, நீ போய்த் தூக்கிட்டு வாயேன். நான் சைக்கிளப் பாத்துக்கிடுதேன்" என்றார் அண்ணாச்சி. போனேன். கிட்டே போனதும் அது பல்லைக் காட்டி உறுமியது. என் தலைக்கு மேலாக அவரையே பார்த்தது. திரும்பிவிட்டேன்.

படியில் நின்ற காலேஜ் பையன் ஒருவன், "அங்கிள், ஆப்கா குத்தா ஹை, ஆப் ஜாவோ" என்றான், உங்கள் நாய்க்கு நீங்களே போங்கள் என்று.

"மேரா நஹீ ஹை! பார்ட்னர் ஹை!" என்று கத்தினார் அண்ணாச்சி. தன் நாய் இல்லையாம், கூட்டாளியாம். பிறகு அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தார். பாத்திரத்திலிருந்து ஒரு இட்லியை எடுத்து ஓங்கி எறிந்தார். அது சுவருக்குப் பக்கத்தில் விழுந்து கரைந்து போனது. ஏட்டையா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இட்லியப் பாக்கலடே" என்றார். "என்னையத்தான் பாக்காரு."

சைக்கிளை என்னிடம் கொடுத்துவிட்டு, லுங்கியை இறுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போனார். "ஏட்டையா, கடிக்கப்படாது கேட்டியளா. நமக்குள்ள ஒரு பேச்சு இருக்கு. அந்தப் பேச்ச மீறப்படாது." சுவரருகே போனதும் கண்ணை இறுக மூடினார். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, அடுப்பிலிருந்து கொதிக்கிற பானையை இறக்குகிறவர் மாதிரி இரண்டு கையையும் நீட்டித் தூக்கினார்.

தூக்கியதுதான் தாமதம், அது முன்னங்கால்களை அவர் தோளில் போட்டுக்கொண்டு மூஞ்சியை அவர் கழுத்தில் வைத்தது. அண்ணாச்சி போட்ட சத்தம் மாஹிம் வரை கேட்டிருக்கும். "கடிக்காரு! கடிக்காரு!"

"நக்குது அண்ணாச்சி! நக்கத்தான் செய்யுது!" என்று நான் கத்தினேன். படியில் நின்ற குஜராத்தி, மராத்திக்காரர் எல்லாரும் அவரவர் பாஷையில் அதையே கத்தினார்கள்.

படியேறி வந்த பிறகும் அவர் நாயை இறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இட்லிப் பாத்திரத்துத் துணியை எடுத்து அதன் முதுகைத் துடைத்தார். ஹேண்டில்பாரில் தொங்கிய பெல்ட்டை என்னை எடுக்கச் சொல்லி, தானே மாட்டினார். மாட்டிவிட்டுக் கேட்டார்.

"தம்பி, பாலத்துக்கு இந்தப் பக்கம் இதுக்கு முன்ன நான் எதையும் எறிஞ்சதே இல்லையேடே. பின்ன எதுக்கு வந்தாரு?"

என் போனில் அதற்குப் பதில் இல்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நான் கோபர்கைரனே பக்கம் குடிபோய்விட்டேன். போன மாதம் காபித்தூள் வாங்க மாட்டுங்கா வந்தபோது, கிங்ஸ் சர்க்கிள் பக்கம் அண்ணாச்சி கண்ணில் பட்டார். ஹாரன் சத்தம் கேட்டு நான் திரும்பிப் பார்க்கவில்லை, ஏனென்றால் சைக்கிளில் ஹாரனே இல்லை. முன்னால் ஒரு காய்கறிப் பெட்டியைக் கட்டி, அதில் பழைய இட்லித் துணியை மெத்தையாக மடித்துப் போட்டிருந்தார். உள்ளே ஏட்டையா. முகமெல்லாம் நரைத்துப்போய், காதர் பாயின் பெல்ட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"நடக்க முடியல. ஆனா டூட்டிய விட மாட்டேங்காரு" என்றார். "பல்லு போச்சி. இட்லியத் தயிர்ல கரைச்சிக் குடுக்கேன்."

"ஹாரன் எங்க அண்ணாச்சி?"

"அவரு முழிச்சிருவாருலா. வாரவன் வரட்டும்."

"அப்ப பயமெல்லாம் போயிடுச்சுன்னு சொல்லுங்க."

அவர் துணியை இழுத்து அதன் காலை மூடினார். "பயம் எங்கடே போவும்? முன்ன, கிட்ட வந்துருவாரோன்னு பயம். இப்ப ராத்திரில எந்திச்சி எந்திச்சி மூச்சு வருதான்னு பாக்கேன்."

சொல்லிவிட்டு சைக்கிளை மெதுவாகத் தள்ளினார். நான் காபித்தூளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரயில் பாலம் வரை சைக்கிளுக்கு முன்னால் நடந்தேன். ஏட்டையா முழிக்காமல் இருக்க, ரோட்டில் பள்ளம் வந்தால் சொல்வதற்கு ஒரு ஆள் வேண்டுமே.