பர்மிங்காமில் ஒன்பது நிமிடம்

லீட்ஸ்
ஞாயிறு இரவு

அன்புள்ள அத்தை,

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. இந்நேரத்தில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடுங்கள். ஜெம்மா இப்போதுதான் கண் அசந்தாள். இங்கே மூவரும் நலம். எக்சிட்டரில் நீங்களும் உங்கள் ரோஜாச் செடிகளும் நலமென்று நம்புகிறேன்.

முதலில் நன்றி. பேத்தி ஜெம்மா பிறந்து ஐந்து மாதமாகியும் நீங்கள் அவளைப் பார்க்கவில்லை. நானோ குழந்தையோடு தனியாகத் தெருமுனையைத் தாண்டியதில்லை. அது தெரிந்து, உங்கள் ஊர் ஸ்டேஷனுக்கே போய் ரயில் நேரங்களையெல்லாம் கைப்பட எழுதி அனுப்பினீர்களே, அந்தக் காகிதம்தான் என்னைக் காப்பாற்றியது. டிக்கெட் கவுண்டரில் எனக்குப் பேச்சே வரவில்லை. காகிதத்தை நீட்டினேன், கவுண்டர்க்காரரும் வரி பிசகாமல் டிக்கெட் போட்டுக் கொடுத்துவிட்டார்.

பயமெல்லாம் பர்மிங்காம்தான். வண்டி மாற ஒன்பதே நிமிடம், நடுவே படிக்கட்டு, கையில் தள்ளுவண்டி, பெட்டி, பால்புட்டி, பிள்ளை. உங்கள் மகன், "ஒத்திகை பாத்துட்டா பயம் போயிடும்"னு சமையலறை நாற்காலியை ஒரு ரயிலாக்கி, தோட்டத்து பெஞ்சை இன்னொரு ரயிலாக்கி, கொல்லைப் படியில் நின்று விசில் ஊதினார். முதல் தடவை பதினாலு நிமிடம். பக்கத்து வீட்டு மிஸஸ் ஆக்டன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னம்மா, பெட்டியும் கையுமா? புருஷன் துரத்திட்டானா?"ன்னாங்க. "இல்லீங்க, பர்மிங்காம்ல வண்டி மாறுறேன்." அந்தம்மா உள்ளே போய் டீ போட்டுக்கொண்டு வந்து, "மொதல்ல இதைக் குடி" என்றார். எட்டாவது தடவை எட்டரை நிமிடத்தில் பெஞ்சைப் பிடித்துவிட்டேன். உங்கள் மகன் கைதட்டினார். "சபாஷ் ஹிலாரி! அது சரி, பிள்ளை எங்கே?" பிள்ளை முதல் ரயிலிலேயே இருந்தாள், நாற்காலியோடு சேர்த்துப் பட்டை மாட்டியபடி, மரக்கரண்டியைச் சப்பிக்கொண்டு.

இனிக் கவலையில்லை. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வந்துவிடுவோம். உங்கள் ரோஜாவில் பூச்சி அண்டாதிருக்கட்டும். ஜெம்மாவின் எச்சில் முத்தங்களுடன்,

உங்கள் மருமகள்
ஹிலாரி

பி.கு.: வந்து சேரும் நேரத்தை எழுதலாமென்று டிக்கெட்டை எடுத்தேன். எக்சிட்டரிலிருந்து லீட்ஸுக்கு என்று போட்டிருக்கிறது. நீங்கள் எழுதியது உங்கள் ஊரிலிருந்து கிளம்பும் வண்டிகள். படித்துப் பார்க்காமல் நீட்டியவள் நான். உங்கள் மகனை எழுப்பிக் காட்டினேன். "அப்ப அம்மாவே வரட்டும். அவங்க எதையும் மறந்து விட்டுட்டு வர மாட்டாங்க"ன்னு திரும்பிப் படுத்துக்கிட்டார். உண்மையைச் சொல்கிறேன் அத்தை, இந்தப் பயணம் முடிவான மூன்று வாரத்தில் இப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். சன்னலோர இடம். வருவீர்களா? சீக்கிரம் பதில் போடுங்கள்.