விமானத்தளத்தில் ஒரு கொட்டைப்பாக்கு

பெண் கேட்கும் பருவத்திலுள்ள இளைஞன் தன் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்வதில் பாதியைத்தான் நம்பவேண்டும். அவன் பொய் சொல்வான் என்பதற்காக அன்று. உண்மையையே உயரமான இடத்தில் ஏற்றி நிறுத்திக் காட்டும் வித்தை அந்த வயதில் யாரும் கற்பிக்காமலே வந்துவிடுகிறது.

அறுபதுகளின் நடுவில், பம்பாயில், நான் ஒரு விமானந்தாங்கிக் கப்பலில் மாலுமியாக இருந்தேன். அக்கப்பலின் மேல்தளமே ஓடுபாதை. அங்கே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிறச் சட்டை உண்டு. மஞ்சள் சட்டைக்காரர் கையசைத்து விமானத்துக்கு வழிகாட்டுவார். என் சட்டை நீலம். நீலச் சட்டைக்காரன் விமானத்தைத் தோள்கொடுத்துத் தள்ளவேண்டும். நின்றதும் சக்கரத்தின்கீழ்க் கட்டை வைக்கவேண்டும். புறப்படும்போது அந்தக் கட்டையை உருவவேண்டும். இதைத்தான் செம்பூரில், நான் பெண் கேட்டிருந்த ராஜியின் தந்தையிடம், "என் கை படாம அங்க ஒரு விமானமும் கிளம்பாது மாமா" என்று சொல்லியிருந்தேன். (ஒரு சொல்லாவது பொய்யா, பாருங்கள்!)

மாமா ஓர் அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. கீழே வேலை செய்தவர்கள் அவர் தும்மினால்கூட எழுந்து நிற்பார்களாம். அவருக்கு என் சொல்லில் நம்பிக்கை பிறக்கவில்லை.

"கப்பல்காரனுக்குக் குடுத்துட்டு, எம்பொண்ணு சமுத்திரத்தையே பாத்துண்டு உக்காரணுமா? முதல்ல நீ அங்க என்னதான் பண்றேன்னு என் கண்ணால பாக்கறேன். அப்புறம் சொல்றேன்."

ஆண்டுக்கொரு முறை மாலுமிகளின் உறவினரைக் கப்பலிலேற்றிக் கடலுக்கு அழைத்துச் சென்று, விமானங்களைப் பறக்கவிட்டுக் காட்டுவது வழக்கம். அந்த நாளுக்கு மாமாவையும் ராஜியையும் அழைத்தேன். மாதுங்காவிலிருந்து என் அம்மா ஒரு கனத்த பையுடன் வந்து சேர்ந்தாள். தயிர்சாதமாக இருக்கும் என்றெண்ணி அந்தப் பையை நானே சுமந்து கப்பலில் ஏற்றினேன்.

இங்கே ஒரு விதியைச் சொல்லியாகவேண்டும். ஜெட் விமானத்தின் இயந்திரம் காற்றை உறிஞ்சும்போது, எதிரே கிடக்கும் திருகாணி, கூழாங்கல் எதுவானாலும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். அத்தோடு இயந்திரம் பாழ். ஆதலால் பறப்பதற்குமுன் அனைவரும் தளத்தின் குறுக்கே வரிசைகட்டி, குனிந்த தலை நிமிராமல் நடந்து, கண்ணில் பட்டதையெல்லாம் பொறுக்குவோம். விருந்தினரும் உதிரக்கூடிய பொருள் எதையும் வெளியே எடுக்கக் கூடாது. என் விருந்தினருக்கு இதைத் தமிழில் விளக்கும் பொறுப்பு என்னுடையது. நான் விளக்கவில்லை. விளக்கினால், "அப்போ கீழ கெடக்கறதைப் பொறுக்கறது யாரு?" என்று மாமா கேட்பாரே!

கேட்காமலே பார்த்துவிட்டார். நான் குனிந்து நடந்து, விருந்தினருக்காகக் கட்டிய கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்த அவரை நெருங்கியபோது, அவர் குரல் தலைக்குமேல் ஒலித்தது.

"ஏண்டாப்பா, என்னத்தைத் தேடறே?"

"தள ஆய்வு, மாமா."

"ஆய்வு பண்றவன் கையில எதுக்குடா ஆணியும் கந்தல் துணியும்?"

ராஜி சட்டென்று கடலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

மாமாவின் முகம் இருண்டதைக் கண்ட அம்மா, நிலைமையைத் தானே சரிசெய்வதென்று முடிவுகட்டினாள். என்னைச் சாடையாக அழைத்தாள். "டேய் சாமா, நாழி நன்னாருக்கு. மாமாவை நமஸ்காரம் பண்ணு. காலில விழுந்தா மனசு எளகிடும்டா." சொல்லிக்கொண்டே பையிலிருந்து பித்தளைத் தாம்பாளம் ஒன்றை வெளியே எடுத்தாள். அதில் மஞ்சள் அட்சதை, வெற்றிலை, கொட்டைப்பாக்கு. தயிர்சாதத்தைக் காணோம்.

அந்நேரம் கப்பல் காற்றை எதிர்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. விமானிகள் இருக்கையில் ஏறி அமர்ந்துவிட்டார்கள். தீயணைப்பாளரும் மருத்துவ உதவியாளரும் அவரவர் இடத்தில் ஆயத்தமாக நின்றார்கள். "அம்மா, அதை உள்ளே வை" என்று சொல்லவேண்டிய ஒரே மனிதன் நான். சொன்னேனா? ராஜி பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றருகே சென்று, நீலச் சட்டையோடு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

விமானத்தளத்தில் ஒருவன் குப்புறக் கிடந்தால் அதற்கு ஒரே பொருள்தான். ஊதல் அலறியது. நான் எழுவதற்குள் இருவர் என்னைப் புரட்டித் தூக்குக்கட்டிலில் போட்டார்கள். ஒருவன் கண்ணிமையை விரித்துப் பார்த்தான். மற்றவன் வாரைக் கட்டினான். "மே டீக் ஹூங்!" (எனக்கு ஒன்றுமில்லை!) என்று நான் கத்தியது அவர்களுக்குச் சன்னி கண்டவனின் பிதற்றலாகப் பட்டிருக்கவேண்டும்.

"ஐயோ, கொழந்தைய எங்கடா தூக்கிண்டு போறேள்?" என்று அம்மா என் காலைப் பற்றி இழுத்தாள். கட்டிலின் முனை இடித்துத் தாம்பாளம் பறந்தது. அட்சதையைக் காற்று வாரிக்கொண்டுபோய் விமானங்களின் அடியில் தூவியது. பாக்குகள் திக்குக்கொன்றாக உருண்டோடின.

எங்கள் சீஃப் ஒரு மராட்டியர். தளத்தில் ஒழுங்கு காப்பவர். ஓடிவந்து ஒரு பாக்கைக் குனிந்தெடுத்தார். "சுபாரி?" என்றார் மெதுவாக. அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

பறப்பது நிறுத்தப்பட்டது. ஒலிபெருக்கி தாமதத்துக்கு வருந்தியது. மீண்டும் வரிசை, மீண்டும் குனிந்த தலைகள். இம்முறை வரிசையில் சிலருடைய மனைவிமாரும் சேர்ந்துகொண்டார்கள். அம்மாவோ தளத்திலேயே சம்மணமிட்டு, அடுக்களையில் கல் பொறுக்கும் நிதானத்துடன் அரிசியைத் திரட்டலானாள். "இத்துனூண்டு அரிசிக்குப் பயப்படற கப்பல், சண்டைக்கு வேற போறதாக்கும்!" என்று எனக்கே புத்தி சொன்னாள்.

"எத்தனை பாக்கு இருந்ததென்று கேள்" என்றார் சீஃப் இந்தியில். கேட்டேன். 

"எண்ணியா வெப்பா? அள்ளி வெச்சேன். ஆனா ஒத்தையா வெக்கமாட்டேன். சுபகாரியம்டா, ஜோடி ஜோடியாத்தான் வெப்பேன்."

வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அதையும் அப்படியே இந்தியில் சொல்லித்தொலைத்தேன். சீஃப் கையிலிருந்தவற்றை எண்ணினார். ஏழு.

"ஏக் கம் ஹை" என்றார். ஒன்று குறைகிறது!

அந்த ஒன்றைத் தேடிக் கப்பலே அலைந்தது. சக்கரத்தடி, சங்கிலியடி, தளத்து இடுக்கு, வடிகால் எதையும் விடவில்லை. விமானிகள் வெயிலில் வெந்துகொண்டிருந்தார்கள். சீஃப் என் காதருகே வந்து, அது கிடைக்காவிட்டால் இன்று பறப்பது ரத்து என்றும், நாளை முதல் நான் அடுக்களையில் உருளைக்கிழங்கு உரிப்பேன் என்றும் தெரிவித்தார். உருளைக்கிழங்கு உரிப்பவனுக்கு மாமா பெண் கொடுப்பாரா என்றெண்ணிக்கொண்டே அவர் பக்கம் திரும்பினேன்.

மாமா கயிற்றருகே கைகட்டிக் கடலை நோக்கி நின்றிருந்தார். அவருடைய இடக்கன்னம் புடைத்திருந்தது.

காலடியில் உருண்டுவந்த பாக்கை எடுத்து, வேட்டியில் துடைத்து, நெடுநாள் வழக்கப்படி கன்னத்தில் அடக்கிக்கொண்டிருக்கிறார்! அதை வாயில் போட்டுக்கொண்ட நினைவே அவருக்கு இல்லை. காட்டிக்கொடுத்தால் பெண் போயிற்று. காட்டிக்கொடுக்காவிட்டால் சட்டை போயிற்று, சட்டையோடு பெண்ணும் போயிற்று.

"மாமா, வாயைத் திறங்கோ."

"என்னது?"

"வாயைத் திறங்கோ மாமா."

"பெரியவாகிட்ட பேசற பேச்சாடா இது? என்னை ஆருன்னு நெனச்சே?"

"அப்பா, காட்டிடுங்கோளேன்" என்றாள் ராஜி. 

அதற்குள் சீஃப் வந்து உள்ளங்கையை நீட்டினார். மாமா என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார், துப்பினார். சீஃப் முகஞ்சுளிக்காமல் அதை மற்ற ஏழோடு சேர்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். தளம் முழுவதும் ஆரவாரம். விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிமுழக்கத்துடன் எழும்பின. மாமா அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை.

கரை சேர்ந்தோம். போரிபந்தர் நிலையத்தில் செம்பூர் வண்டிக்குக் காத்திருந்தபோது மாமா அம்மாவிடம் திரும்பினார்.

"மாமி, எங்கப்பாகூட என்னை வாயைத் திறன்னு சொன்னதில்லை. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அம்மா அழுவதற்கு முந்தானையைத் தேடினாள். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். ராஜிதான் பேசினாள்.

"அப்பா, இதுவரைக்கும் என்னைப் பாக்க வந்தவா எல்லாரும் நீங்க சொன்னதுக்கெல்லாம் தலையாட்டினா. ஒங்ககிட்டேர்ந்து ஒண்ணைக் கேட்டு வாங்கினது இவர் ஒருத்தர்தான்."

"என்னத்தை வாங்கினான்? எச்சல் பாக்கை!"

"பாக்கையே குடுத்துட்டேள். பொண்ணையும் குடுத்துடுங்கோ."

மாமா பதிலுக்கு வாய் திறந்தார். வண்டி வந்துவிட்டது. அடுத்த தை மாதம் எங்களுக்குத் திருமணம் நடந்தது.

ஆயினும் அன்று தொடங்கிய சனி இன்றும் விடவில்லை. எங்கள் வீட்டில் சாவியோ, மூக்குக்கண்ணாடியோ, ரயில் பாஸோ காணாமற்போனால் எவரும் மேசையைத் தேடுவதில்லை; வீட்டில் மூத்த ஆண்பிள்ளை எவரோ அவரிடம்தான் வருகிறார்கள். மாமனார் இருந்தவரை அது அவர் பாடு. இப்போது என் பாடு. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பேரன் வந்து, "தாத்தா, மூஹ் கோலோ" என்று இந்தியில் வாயைத் திறக்கச் சொல்கிறான். போட்டவர் ஒருவர், காட்டுகிறவன் வேறொருவன். இது எந்த ஊர் நியாயம்? சலித்துக்கொண்டேதான் திறக்கிறேன். மறுத்தால் ராஜி அடுக்களையிலிருந்து வந்து, அந்த மராட்டியரைப் போலவே உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.