வாரநாளில் துயரம், ஞாயிற்றுக்கிழமை துள்ளல்

நீலகிரியில் அருகிவரும் உயிரினங்களைக் கணக்கெடுக்கிறவர்கள் வரையாட்டோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதைவிட அரிய பிராணி ஒன்று அங்கே உண்டு: ஜாஸ் கேசட்டுகளுக்கு மதிப்புரை எழுதுகிறவர். தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போயிருந்த அந்த வருடங்களில் குன்னூர் வட்டாரத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். ஒருவர் போதாதா?

இந்தப் பிராணியை அடையாளம் காண்பது சுலபம். பாட்டுக் கேட்கும்போது அவர் முகத்தில் சந்தோஷம் தெரியாது, பொறுப்பு தெரியும். கண்ணை மூடிக்கொள்வார், ஒரு விரலை உயர்த்துவார், நாம் வாய் திறந்தால் அந்த விரல் நம் பக்கம் திரும்பும், பாட்டு முடிந்தது, இனி இருமலாம் என்று நாம் மூச்சுவிடும் நேரம் பார்த்து, "அவங்க வாசிக்காம விட்டதைக் கவனிச்சீங்களா?" என்பார். வாசித்ததையே கவனிக்காத நாம் என்ன சொல்வது? எதைப் பாராட்டினாலும் கடைசியில் ஓர் 'ஆனால்' வைப்பார். கல்யாண வீட்டில் நாதஸ்வரத்துக்கும் வைப்பார், பாயசத்துக்கும் வைப்பார்.

நம்மவர் பெயர் சசிதரன். குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். ஃபேக்டரியின் பின்சுவரை ஒட்டிய குவார்ட்டர்ஸில் அவரும் மனைவி சுகுணாவும் குடியிருந்தார்கள். தேநீரை உறிஞ்சி, நாக்கில் உருட்டி, துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொல்வது அவர் தொழில். பாட்டையும் அப்படியே செய்தார். ஒரே ஒரு முறை கேட்பார், எழுதிவிடுவார், அப்புறம் அந்தக் கேசட்டைத் தொடமாட்டார். "துப்புனதை யாராச்சும் மறுக்காக் குடிப்பாங்களா?" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வதும் உண்டு. கோவையிலிருந்து வரும் ஒரு சிற்றிதழ் அந்த மதிப்புரைகளை அச்சிட்டது. அதற்கு எத்தனை வாசகர்கள் என்று அவர் கேட்டதில்லை. கேட்டால் ஆசிரியர் வருத்தப்படுவார்.

லோயிஸ் என்ற பெண்மணி குன்னூரை ஒட்டிய வெலிங்டனில் பிறந்து பெங்களூரில் சாக்ஸபோன் வாசிப்பவர், ஐம்பதைத் தாண்டியவர். அந்த வருடம் அவருடைய இரண்டு கேசட்டுகள் வெளிவந்தன. ஒன்று புதிது. மற்றது, இருபது வயதில் அவர் ஒரு கிளப்பில் வாசித்த கச்சேரியின் பழைய ஒலிப்பதிவு. சசிதரன் புதியதை ஞாயிற்றுக்கிழமை கேட்டார், பழையதைத் திங்கட்கிழமை கேட்டார், பிறகு எழுதினார்: 'ஐம்பது வயதில் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் துள்ளல். இருபது வயதிலோ ஒவ்வொரு சுரமும் ஒரு சவ ஊர்வலத்தின் பின்னால் நடக்கிறது. காலம் இவரிடம் தலைகீழாக ஓடியிருக்கிறது. ஆனால்...' ஆனாலுக்குப் பிறகு வந்தது நமக்கு வேண்டாம். தான் எழுதியதிலேயே சிறந்தது அதுதான் என்று அவரே சொன்னார். வேறு யார் சொல்வார்கள்?

இதழ் அச்சாகி வருவதற்குள் ஃபேக்டரி நின்றுவிட்டது. தூளுக்கு ஏலத்தில் கேள்வி இல்லை, பச்சை இலையைப் பறிப்பது கூலிக்குக்கூடக் கட்டுப்படியாகவில்லை. சுகுணா கேத்தியில் கேரட் கழுவும் வேலைக்குப் போனார். சசிதரன் பாட்டுக் கேட்க மனமில்லாமல் வீட்டில் உட்கார்ந்து, தேயிலை வீழ்ச்சிக்கே மனதுக்குள் ஒரு மதிப்புரை எழுதினார்: 'ஆழம் இருக்கிறது, ஆனால் நீளம் அதிகம்.'

மழையால் கேரட் வேலை இல்லாத ஒரு புதன்கிழமை வாசலில் கார் நின்றது.

"ஏனுங்க, பெங்களூர்ல இருந்து ஒரு அம்மா வந்திருக்காங்க. உங்களைத்தான் கேக்கறாங்க," என்றார் சுகுணா, ஊடு மாறி வந்துவிட்டார்களோ என்ற சந்தேகத்தோடு.

லோயிஸ் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்துவிட்டார். "சார், முப்பது வருஷமா என்னை எல்லாரும் ஜாலியான வாசிப்புன்னுதான் சொல்றாங்க. நீங்க ஒருத்தர்தான் சவ ஊர்வலம்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கச்சேரி அன்னிக்குக் காலையிலதான் எங்க அப்பாவை அடக்கம் பண்ணோம். ஒத்துக்கிட்ட கச்சேரி, விட முடியலை. பஸ் ஏறிப் போய் வாசிச்சேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

சசிதரனுக்குப் புல்லரித்தது. இதற்காகத்தானே பிறவி எடுத்தது! "காது இருந்தாப் போதுங்க," என்றார் அடக்கமாக.

"அந்தக் கேசட்டை நான் இன்னும் முழுசாக் கேக்கலை, பயம். உங்ககூட உக்காந்து கேக்கறேன். அன்னிக்கு நான் அப்பாவுக்காக அழுதேனான்னு எனக்குத் தெரியணும்."

சசிதரன் கண்ணை மூடி, விரலை உயர்த்தி, டேப் ரெக்கார்டரின் பொத்தானை அழுத்தினார். பாட்டு துள்ளிக்கொண்டு வெளியே வந்தது. சவ ஊர்வலம் எங்கே? தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பஸ் மாதிரியல்லவா ஓடுகிறது! கண்ணைத் திறந்தார். மேலே குண்டு பல்பு பளீரென்று எரிந்துகொண்டிருந்தது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இலை வாட்டும் காற்றாடிகளும் ரோலர்களும் ஓடும்போது குவார்ட்டர்ஸுக்கு வருவது மிச்ச கரண்ட். அந்த மிச்சத்தில்தான் அவருடைய டேப் திங்கள் முதல் சனி வரை தள்ளாடியிருக்கிறது; ஃபேக்டரிக்கு லீவான ஞாயிறு மட்டும் சரியான வேகத்தில் ஓடியிருக்கிறது. சினிமாப் பாட்டென்றால் டேப் இழுக்கிறது என்று முதல் வரியிலேயே யாரும் சொல்லியிருப்பார்கள். ஜாஸ் எந்த வேகத்தில் ஓடவேண்டும் என்று அந்த மலையில் யாருக்குத் தெரியும்? சசிதரனுக்குத் தெரியும் என்று எல்லோரும் நம்பினார்கள், சசிதரன் உட்பட.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே சார்," என்றார் லோயிஸ்.

மதிப்புரையாளர் வாயில் வாக்கியத்துக்கா பஞ்சம்? "துயரம் வேகத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குதுங்க," என்றார். நல்ல வாக்கியம்தான். லோயிஸ் அதை நம்பியதுதான் வினை. திருப்பி ஓடவிட்டு, ஸ்பீக்கரில் காதை ஒட்டிக்கொண்டு தேடினார். மறுபடியும் தேடினார். பிறகு கைக்குட்டையை எடுத்தார்.

"அப்ப நான் அழவே இல்லை. அப்பாவை மண்ணுல வெச்சுட்டு வந்து இப்படித் துள்ளியிருக்கேன்."

சசிதரனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "மேடம், நான் கேட்டது உங்களை இல்லீங்க. ஃபேக்டரி ஓடுனா எங்க ஊட்டுக்குக் கரண்டு பத்தாது, டேப்பு இழுத்துருக்குது. நான் மதிப்புரை எழுதுனது ஃபேக்டரிக்குங்க. எனக்கு ஒரு எழவும் தெரியாதுங்க."

"பல்பே செவசெவன்னுதானுங்க எரியும்," என்று சுகுணா சாட்சி சொன்னார்.

லோயிஸ் கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "ஃபேக்டரி எப்ப ஓடும்?" என்றார்.

"தேயிலைக்கு விலை வந்தா ஓடுமுங்க."

"ஓடுனா போன் பண்ணுங்க சார், நான் வரேன். அன்னிக்கு எப்படி வாசிக்கணும்னு நெனைச்சு முடியாமப் போச்சோ, அதை இந்த டேப்புல ஒரு தடவை கேட்டுடறேன்."

அடுத்த வாரம் பச்சை இலை விலைக்காகக் குன்னூரில் நடந்த மறியலில் எல்லோரையும்விட உரக்கக் கத்தியவர் சசிதரன்தான். வேலைக்காகக் கத்துகிறார் என்று சுகுணா சந்தோஷப்பட்டார். அதுவும் உண்மைதான்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரித்துக்கொண்டே, 'நடை சுமார், நடுவில் கொஞ்சம் வெட்டியிருக்கலாம்' என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள், இல்லையா? தாராளமாக எழுதுங்கள். எழுதுவதற்கு முன்னால், உங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இன்றைக்கு எது ஓடுகிறது, எது நின்று கிடக்கிறது என்று ஒரு தடவை எட்டிப் பார்த்துவிடுங்கள்.